பன்றிப் பண்ணை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பண்ணை தொடங்க நினைப்பவர்களும் ஏற்கெனவே நடத்துபவர்களும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஒவ்வொருவருக்கும் வாய்மொழியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட விதத்திலேயே உள்ளன. எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். மருந்தின் அளவிலும் தடுப்பூசி அட்டவணையிலும் உங்கள் கால்நடை மருத்துவர் சொல்வதே முடிவு.

வீட்டின் பின்புறம் நான்கு பன்றி வளர்ப்பதற்கும் வணிகப் பண்ணைக்கும் எண்ணிக்கையைத் தவிர என்ன வித்தியாசம்?

காலக்கணக்குதான். பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள்: மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். குட்டிகளை மூன்று அல்லது நான்கு வாரத்தில் பிரித்தால், தாய் 4 முதல் 7 நாளுக்குள் மறுபடி பருவத்துக்கு வரும். ஆகவே ஒரு தாய்ப்பன்றி ஆண்டுக்கு இரண்டு ஈற்றுக்குச் சற்று மேலாகவே தரும். பிறக்கும்போது ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும் குட்டி, ஐந்தாறு மாதத்தில் 100 கிலோவைத் தாண்டும். வணிகப் பண்ணை இந்தச் சுழற்சியை வாரம் வாரமாகப் பிரித்து ஓட்டுகிறது. ஒரு பன்றி பருவத்துக்கு வந்ததைக் கவனிக்கத் தவறினால் அடுத்த பருவம் வர 21 நாள் ஆகும். அந்த 21 நாளும் அது தின்றுகொண்டுதான் இருக்கும்.

இனத்தேர்விலும் ஒரு முறை உண்டு. தாய் வழிக்கு லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர், லேண்ட்ரேஸ் கலப்பும் தந்தை வழிக்குப் பெரும்பாலும் டியூராக்கும் பயன்படுத்துகிறார்கள். முன்னவை குட்டிகள் அதிகம் ஈனும், பால் நன்றாகத் தரும். பின்னது வளர்ச்சியும் இறைச்சித் தரமும் தரும். செயற்கை முறைக் கருவூட்டலில் ஒரு கிடாவின் விந்து பல பன்றிகளுக்கு உதவும். நீர்த்துச் சேமித்த விந்தை 15 முதல் 18 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் குளிர் அதிர்ச்சியில் உயிரணுக்கள் செயலிழந்துவிடும். பலர் இங்கேதான் இழக்கிறார்கள், ஆனால் பழியைப் பன்றியின் மேல் போடுகிறார்கள்.

பன்றி எதையும் தின்னும் என்கிறார்களே, பிறகு தீவனத்துக்கு ஏன் இத்தனை செலவு?

தின்னும், ஆனால் தின்பதெல்லாம் உடலில் சேராது. மாட்டைப் போல அசைபோடும் வயிறு அதற்கு இல்லை. ஒற்றை வயிறு என்பதால் நார்ச்சத்தை ஓரளவுக்குத்தான் பயன்படுத்திக்கொள்ளும். வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் தீவனத்திலேயே கிடைத்தாக வேண்டும். தானியங்களில் முதலில் பற்றாமல் போவது லைசின். அது குறைந்தால் மற்றவை எவ்வளவு இருந்தாலும் தசை வைக்காது, கொழுப்புதான் ஏறும். வளரும் பன்றி ஒரு கிலோ எடை கூட இரண்டரை முதல் மூன்று கிலோ தீவனம் தின்கிறது. பண்ணையின் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போவது அதனால்தான்.

இந்தத் துறையின் சிறந்த கண்டுபிடிப்புகள் சில தீவன மூட்டைக்குள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் பேசுவதில்லை. ஒன்று பைட்டேஸ் நொதி. தானியத்திலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பன்றியால் செரிக்க முடியாத வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. இந்த நொதி அதை விடுவிக்கிறது. பாஸ்பேட் செலவு குறைகிறது, கழிவோடு நீர்நிலைக்குப் போகும் பாஸ்பரஸும் குறைகிறது. மற்றொன்று, தூய லைசின், மெத்தியோனின், திரியோனின் ஆகியவற்றைச் சேர்த்துவிட்டுச் சோயாப் புண்ணாக்கின் அளவைக் குறைப்பது. புரதத்தை ஒரு சதவீதப் புள்ளி குறைத்தால் கழிவில் வெளியேறும் நைட்ரஜன் ஏறத்தாழ 8 முதல் 10 சதவீதம் குறையும். கொட்டகையில் அம்மோனியா நெடியும் அதற்கேற்பத் தணியும்.

உணவகங்களில் மிஞ்சியதைப் போட்டு வளர்த்தால் செலவு மிச்சம்தானே?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் சற்றுக் கடுமையாகவே பதில் சொல்கிறேன். சமைத்த மிச்சத்தில் இறைச்சித் துணுக்கு இருந்தே தீரும். அதன் வழியே வரும் நோய் ஒரு பண்ணையோடு நிற்பதில்லை. 2001இல் பிரிட்டனைத் தாக்கிய கோமாரி நோய், உணவுக் கழிவை ஒழுங்காக வேகவைக்காமல் போட்ட ஒரு பன்றிப் பண்ணையிலிருந்து தொடங்கியதாக விசாரணையில் முடிவுசெய்யப்பட்டது. அறுபது லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் கொல்லப்பட்டன. அதே ஆண்டு அங்கே உணவுக் கழிவைத் தீவனமாக்குவது தடைசெய்யப்பட்டது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியமும் தடைசெய்தது.

ஜப்பான் போன்ற நாடுகள் உணவுக் கழிவை ஆலையில் சூடாக்கி, பரிசோதித்து, தீவனமாக்குகின்றன. சட்டம் அனுமதிக்கும் இடத்தில் அப்படிச் செய்யலாம். அமெரிக்காவில் அனுமதி உள்ள மாநிலங்களில் கொதிநிலையில் 30 நிமிடம், கிளறிக்கொண்டே வேகவைக்க வேண்டும் என்பது விதி. அண்டாவில் மேலாகச் சூடேற்றி இறக்குவது வேகவைத்ததாகாது. பழச்சாறு ஆலையின் சக்கை, மதுவடி ஆலையின் தானியச் சக்கை, ரொட்டி ஆலையின் உடைசல் போன்றவை இறைச்சி கலவாத பக்கப்பொருள்கள். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் அவற்றைத் தேடுங்கள். ஈக்களின் புழுக்களிலிருந்து எடுக்கும் புரதமும் வந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் பன்றித் தீவனத்தில் அதை அனுமதித்தது. விலைதான் இன்னும் சோயாவோடு போட்டிபோடும் நிலைக்கு இறங்கவில்லை.

பன்றிக் காய்ச்சல், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் எல்லாம் ஒன்றுதானே? மனிதருக்கு வருமா?

மூன்று தனித்தனி நோய்கள் ஒரே பெயரில் புழங்குகின்றன. 2009இல் உலகம் முழுவதும் மனிதரிடையே பரவியது எச்1என்1 இன்ஃப்ளூயன்சா. கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் என்னும் பழைய பன்றிக் காய்ச்சல், பன்றிகளுக்கு மட்டுமே வரும். நல்ல தடுப்பூசி நெடுங்காலமாக உண்டு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முற்றிலும் வேறு வைரஸ். அது மனிதருக்கு வராது. பழைய நோயின் தடுப்பூசி இதற்குப் பலிக்காது. தடுப்பூசி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களிடம் எந்த நோய்க்குப் போட்டீர்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை.

பன்றியிலிருந்து மனிதருக்கு வரும் நோய்கள் வேறு உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. 1998-99இல் மலேசியாவில் நிபா வைரஸ் பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து பண்ணையாட்களுக்கும் தாவியது. நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. பழமரங்களுக்கு அடியிலேயே கொட்டகைகள் இருந்தது அந்தத் தாவலுக்கு வழிவகுத்தது. கொட்டகைக்கு மேல் பழமரம் நிழல் தருகிறதே என்று மகிழ்பவர்கள் இதை யோசியுங்கள்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அடைத்து வைத்த பண்ணைக்குள் எப்படித்தான் நுழைகிறது?

மனிதன் கொண்டுவருகிறான். 1921இல் கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நோய், அங்கே காட்டுப்பன்றி இனங்களிலும் மென்னுண்ணி என்னும் உண்ணிப்பூச்சிகளிலும் தொல்லையின்றிச் சுற்றிக்கொண்டிருந்தது. 1957இல் லிஸ்பனுக்கு வந்ததற்கு விமான உணவுக் கழிவைப் பன்றிக்குப் போட்டதே காரணம் என்று கருதப்படுகிறது. 2007இல் ஜார்ஜியா நாட்டுக்கு வந்ததற்கும் துறைமுகத்தில் இறக்கிய கப்பல் கழிவின்மேல்தான் சந்தேகம். அங்கிருந்து ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா. 2018 ஆகஸ்டில் சீனா. 2021இல் டொமினிக்கன் குடியரசு. முந்தைய பதிலில் உணவுக் கழிவைப் பற்றி ஏன் அப்படிப் பேசினேன் என்பது இப்போது புரியும்.

இந்த வைரஸ் வீரியத்தில் கொடியது, பரவுவதில் நிதானமானது. காற்றில் வெகுதூரம் போகாது. ஆனால் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியில் மாதக்கணக்கிலும், உறைந்த இறைச்சியில் ஆண்டுக்கணக்கிலும் உயிர்ப்போடு இருக்கும். ரத்தம் பட்ட லாரித் தளம், வியாபாரியின் செருப்பு, வேலையாளின் சாப்பாட்டுப் பெட்டி, இரவல் கிடா, மலிவாகக் கிடைத்த குட்டி ஆகியவைதான் அதன் வாகனங்கள். இவை ஒவ்வொன்றையும் வாசலில் நிறுத்த முடியும். கொடிய நோய் என்றாலும் நான் நம்பிக்கையோடு பேசுவது அதனால்தான்.

நோய்க்கிருமி பண்ணைக்குள் நுழையாமல் தடுப்பதை உயிரிப் பாதுகாப்பு என்று சொல்கிறார்கள். வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்திருக்கிறேன், போதாதா?

போதாது. சேறு மிதக்கும் தொட்டியில் ஒரு கணம் காலை நனைத்துவிட்டுப் போவதால் எதுவும் சாகாது. சாணமும் மண்ணும் கிருமிநாசினியின் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகு உலர வேண்டும், அதன் பிறகே கிருமிநாசினி. அதுவும் குப்பியில் குறிப்பிட்ட நேரம் வரை ஈரமாக நிற்க வேண்டும். தொட்டியைவிட உறுதியான ஏற்பாடு, காலணியை மாற்றிவிடுவது. டென்மார்க் பண்ணைகளில் நுழைவறையின் குறுக்கே ஒரு பெஞ்சு போட்டிருப்பார்கள். வெளியிலிருந்து வருபவர் அதில் உட்கார்ந்து செருப்பை இந்தப் பக்கம் கழற்றி, கால்களைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, உள்ளே இருக்கும் பூட்ஸை அணிய வேண்டும். மரப்பலகை ஒன்றுதான் செலவு. தடை எங்கே தொடங்குகிறது என்பதை அது எல்லோர் கண்ணுக்கும் காட்டிவிடுகிறது.

அடுத்தது வாகனம். பன்றி ஏற்ற வரும் லாரி வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். ஏற்றுமேடை எல்லையில் அமைய வேண்டும். மேடையில் ஏறிய பன்றி எந்தக் காரணத்துக்காகவும் திரும்பிக் கொட்டகைக்கு வரக் கூடாது. ஓட்டுநர் உள்ளே வரக் கூடாது, உங்கள் ஆள் லாரியில் ஏறக் கூடாது. புதிதாக வாங்கும் பன்றிகளைக் குறைந்தது நான்கு வாரம் தனிக் கொட்டகையில் வையுங்கள். முடிந்தால் அவற்றுக்குத் தனி ஆள் இருக்கட்டும். செத்த பன்றியை எடுத்துப்போக வரும் வண்டிக்கும் இதே விதி. கொட்டகைக்குள் வேலை செய்யும் வரிசையையும் முறைப்படுத்துங்கள்: முதலில் பால்குடிக் குட்டிகள், பிறகு வளர்பவை, கடைசியில் நோயாளிகள். திரும்பி நடக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது வேலையாட்கள். தங்கள் வீட்டில் பன்றி வளர்க்காதவர்களாகப் பார்க்க வேண்டும், அல்லது வளர்க்காமல் இருப்பதற்கு ஈடு தர வேண்டும். பண்ணையிலேயே நல்ல சாப்பாடு கொடுத்தால் வெளி இறைச்சி உள்ளே வராது. விதியை மீறியதை ஒருவர் வந்து சொன்னால் அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

தடுப்பூசி வந்துவிட்டது என்று செய்தி படித்தேன். இனி பயமில்லைதானே?

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு வியட்நாமில் வந்திருக்கிறது. 2022இல் கட்டுப்பாடுகளோடு தொடங்கி, 2023இல் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்தது. உயிருள்ள வைரஸின் சில மரபணுக்களை நீக்கி வலுவிழக்கச் செய்த தடுப்பூசிகள் அவை. இந்த வைரஸ் பெரியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புரதங்களைத் தயாரிக்கும். உடலின் எதிர்ப்பாற்றலைத் திசைதிருப்ப அதனிடம் பல வழிகள் உண்டு. செத்த வைரஸைக் கொண்டு செய்த பழைய முயற்சிகள் அதனால்தான் பலிக்கவில்லை.

உயிருள்ள தடுப்பூசி என்பதால் அது மீண்டும் வீரியம் பெறுமா, களத்திலுள்ள வைரஸோடு கலந்து புதிய வகையை உண்டாக்குமா, சினைப்பன்றிக்குப் பாதுகாப்பானதா என்ற கேள்விகள் எழுகின்றன. நியாயமான கேள்விகள். உங்கள் நாட்டில் அனுமதி இல்லாமல் கடத்தி வந்த ஊசியை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். சீனாவில் அப்படிச் சட்டவிரோதத் தடுப்பூசிகள் வழியாக மந்தமான நோய்வகைகள் பரவின. பன்றி சாகாமல் நாள்பட்டு நலிந்து, நோயைப் பரப்பிக்கொண்டே இருக்கும், கண்டுபிடிப்பதும் கடினம்.

குட்டிகள் தாயிடம் இருக்கும் வரை நன்றாக இருக்கின்றன. பிரித்த ஒரு வாரத்தில் கழிந்து சாகின்றன. என்ன செய்வது?

பிரிக்கும் நாளில் குட்டிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். தாய் இல்லை, பால் இல்லை, இடம் புதிது, பக்கத்தில் நிற்பவை அறியாத குட்டிகள். ஒரு நாள், இரண்டு நாள் ஒன்றும் தின்னாமல் நிற்கும். குடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள் சுருங்கும். பிறகு பசி பொறுக்காமல் ஒரேயடியாகத் தின்னும். செரிக்காத புரதம் பெருங்குடலை அடையும்போது ஈ-கோலை பெருகும். தாய்ப்பாலில் கிடைத்த பாதுகாப்பு நின்றுபோய், சொந்த எதிர்ப்பாற்றல் இன்னும் வளராத இடைவெளியும் அதே வாரத்தில்தான் விழுகிறது.

தீர்வு பிறந்த நாளிலேயே தொடங்குகிறது. பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் புரதம் குட்டிக்குப் போகாது. சீம்பால் ஒன்றே வழி; முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு குடல் அதை உறிஞ்சாது. ஒவ்வொரு குட்டியும் 250 கிராம் அளவுக்காவது குடித்திருக்க வேண்டும். ஈற்று பெரிதாக இருந்தால், குடித்து வயிறு நிறைந்த பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்துச் சிறியவற்றுக்கு மடி விடுங்கள். இரும்புச்சத்து ஊசி முதல் சில நாளில் போட வேண்டும். பன்றிப் பாலில் இரும்பு மிகக் குறைவு. பிரிப்பதை 21 நாளிலிருந்து 28 நாளுக்குத் தள்ளினாலே பல பண்ணைகளில் பாதித் தொல்லை தீர்கிறது. ஒரு ஈற்றுக் குட்டிகளைக் கூடிய மட்டும் கலைக்காதீர்கள். முதல் சில நாள் தீவனத்தைக் கஞ்சியாகக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

ஆன்டிபயாடிக் கலக்காமல் வணிக அளவில் வளர்க்க முடியுமா? எல்லோரும் கலக்கிறார்களே?

முடியும். ஸ்வீடன் 1986இலேயே வளர்ச்சியூக்கியாக ஆன்டிபயாடிக் கலப்பதைத் தடைசெய்தது. பெரிய ஏற்றுமதி நாடான டென்மார்க் 1990களின் இறுதியில் நிறுத்தியது. அங்கே உற்பத்தி விழுந்துவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இல் நின்றது. நோய் வராமலிருக்கக் கூட்டத்துக்கே வழக்கமாக மருந்து கொடுப்பதை 2022இல் நிறுத்தியது. கழிச்சலுக்குப் பெருமளவில் பயன்படுத்திய துத்தநாக ஆக்சைடையும் அதே ஆண்டில் விலக்கியது, அது மண்ணில் சேர்ந்துகொண்டே போவதால்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு செய்தி போதும். 2015இல் சீனாவில் பன்றிகளிடம் எம்சிஆர்-1 என்ற மரபணு கண்டறியப்பட்டது. மனித மருத்துவத்தில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தை அது செயலிழக்கச் செய்கிறது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் தாவுகிறது. கோலிஸ்டினைத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். பன்றி இரண்டு நாள் முன்னதாக எடைக்கு வருவதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளியின் மருந்தைச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை.

நோயுற்ற பன்றிக்கு மருந்து மறுப்பதும் கொடுமைதான். நோய் தெரிந்து, மருத்துவர் எழுதி, வேண்டிய பன்றிக்கு, வேண்டிய நாள் வரை கொடுங்கள். விற்பனைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாள்களைக் கடைப்பிடியுங்கள். கலப்பதை நிறுத்த நினைப்பவர்கள் முந்தைய கேள்விக்குச் சொன்னவற்றை முதலில் செய்யுங்கள். அவற்றைச் செய்யாமல் மருந்தை மட்டும் நிறுத்தினால் குட்டிகள் சாகும்.

கோடையில் தாய்ப்பன்றி தீனி எடுப்பதில்லை, பருவத்துக்கும் வருவதில்லை. விசிறி வைத்தும் பயனில்லை.

பன்றிக்கு வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் திறன் இல்லை. விசிறிக்காற்று உலர்ந்த தோலில் பட்டுப் போவதால் பெரிய பயன் கிடையாது. தோலை நனைத்து, பிறகு காற்றடித்தால்தான் குளிரும். கழுத்தின் மேல் சொட்டுநீர் விட்டு, இடைவெளி விட்டுக் காற்றடிப்பது எளிய முறை. ஈரப் பலகை வழியாகக் காற்றிழுக்கும் கொட்டகைகள் உலர்ந்த பகுதிகளில் அருமையாக வேலை செய்யும். காற்றிலேயே ஈரப்பதம் மிகுந்த இடங்களில் அவற்றின் பலன் குறையும். வாங்கும் முன் உங்கள் இடத்தின் ஈரப்பதத்தைப் பாருங்கள்.

ஈற்றுக் கொட்டகையின் சிக்கல் தனி. தாய்க்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி. ஒரே அறையில் இரண்டு பருவநிலை வேண்டும். குட்டிகளுக்கு மூடிய மூலை, அதற்குள் விளக்கோ சூடான விரிப்போ. மற்ற இடம் குளிர்ச்சி. குட்டிக்காக அறை முழுவதையும் சூடாக்கினால் தாய் தின்னாது, பால் வற்றும், அடுத்த பருவம் தள்ளிப்போகும். பால் கொடுக்கும் தாய் ஒரு நாளில் 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். குழாய்முனையில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டராவது வருகிறதா என்று ஒரு வாளியும் கடிகாரமும் வைத்துப் பாருங்கள். வெயிலில் கிடக்கும் குழாயில் கொதிநீர் வந்தால் எந்தப் பன்றியும் குடிக்காது.

கேமரா, சென்சார், செயற்கை நுண்ணறிவு எல்லாம் உண்மையில் பயன் தருகின்றனவா, விற்பவர்கள் சொல்வதா?

சில தருகின்றன. காதுவில்லையைப் படித்து ஒவ்வொரு சினைப்பன்றிக்கும் அதன் அளவை மட்டும் கொட்டும் தானியங்கித் தீவனப்பெட்டி நன்கு நிலைபெற்றுவிட்டது. கூட்டமாக வைத்தாலும் வலியது எளியதன் பங்கைத் தின்ன முடியாது. கொட்டகையில் தொங்கும் மைக்ரோஃபோன் இருமலைப் பிரித்தறிந்து, ஆள் கவனிப்பதற்குச் சில நாள் முன்பே சுவாச நோயை எச்சரிக்கும். மேலிருந்து பார்க்கும் கேமரா எடையை ஓரளவு நெருக்கமாக மதிப்பிடும். பன்றியை விரட்டித் தராசில் ஏற்ற வேண்டிய வேதனை இல்லை.

ஆனால் எதை முதலில் வாங்கலாம் என்று கேட்டால், ஒவ்வொரு அறைக்கும் ஒரு தண்ணீர் மீட்டர் என்பேன். நோய் வரும்போது பலமுறை மற்ற அறிகுறிகளுக்கு முன்பே குடிநீர் அளவு மாறிவிடும். மீட்டர் மலிவு, பழுது குறைவு, வரைபடத்தைப் பார்க்கத் தனிப்படிப்பு வேண்டாம். விலையுயர்ந்த கருவிகளின் உண்மையான கேள்வி வேறு: எச்சரிக்கை வந்தால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து கொட்டகைக்குப் போகப்போவது யார்? அந்த ஆள் இல்லாத பண்ணையில் கருவி வெறும் அலங்காரம்.

தாய்ப்பன்றியைத் திரும்பக்கூட முடியாத கூண்டில் அடைப்பது தேவைதானா?

சினைக்காலத்தில் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ஸ்வீடன் 1988இலும், பிரிட்டன் 1999இலும் சினைக்கூண்டைக் கைவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் சினையின் முதல் நான்கு வாரத்துக்குப் பிறகு கூட்டமாகவே வைக்க வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் தாய்ப்பன்றி ஒன்றுக்கு 24 சதுர அடி கேட்கிறது. அந்தச் சட்டத்தை 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. புதிதாகக் கட்டுபவர்கள் கூண்டில் பணத்தைப் போட்டால், சில ஆண்டுகளில் அதைப் பிடுங்கி எறியச் செலவிட வேண்டியிருக்கும்.

ஈற்றுக்கூண்டு கடினமான விஷயம். இருநூறு கிலோ தாய் படுக்கும்போது குட்டிகள் நசுங்குகின்றன. நசுங்குவது பெரும்பாலும் முதல் மூன்று நான்கு நாளில். அதனால் அந்த நாள்களில் மட்டும் தடுத்து, பிறகு கம்பியைத் திறந்துவிடும் அமைப்புகள் வந்துள்ளன. சாய்ந்து படுக்கச் சரிவுச் சுவரும் கூடுகட்ட வைக்கோலும் கொடுத்து முழுக்கத் திறந்தே விடும் பண்ணைகளும் உண்டு. அங்கே தாயின் குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், இடமும் கூடுதலாக வேண்டும்.

வாலைக் கடிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். பன்றி நாள் முழுவதும் தோண்டவும் மெல்லவும் பிறந்த விலங்கு. வெறும் சிமெண்ட் தரையில் அதற்குக் கிடைப்பது அடுத்ததன் வால். வாலை வெட்டிவிடுவது காரணத்தைத் தொடாத வேலை. வைக்கோல், மெல்லக்கூடிய மரத்துண்டு, கயிறு கொடுங்கள். நெரிசல், காற்றோட்டம், தீவனத்தில் உப்பு ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

கழிவுக் குட்டையால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். சாண எரிவாயுக் கலன் கட்டினால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

நாற்றம் பெருமளவு குறையும், எரிபொருள் கிடைக்கும், மீத்தேன் காற்றில் கலக்காது. ஆனால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கலனுக்குள் மறைந்துவிடுவதில்லை. உள்ளே போனது அப்படியே வெளியே வரும். அதை இறைக்க நிலம் வேண்டும். பன்றிக் கழிவில் கழுவுநீர் அதிகம் கலப்பதால் எரிவாயுவும் எதிர்பார்த்ததைவிடக் குறையும். கழுவும் நீரைக் குறைப்பதும், திடக்கழிவைப் பிரித்து மட்கவைப்பதும் முதல் வேலை. திறந்த குட்டைகளின் ஆபத்தை 2018இல் ஃப்ளோரன்ஸ் புயல் காட்டியது. அமெரிக்காவின் வட கரோலினாவில் பல பன்றிக் கழிவுக் குட்டைகள் நிரம்பி வழிந்தன, சிலவற்றின் கரை உடைந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூடிய கழிவுக்குழியைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்பைடு பொங்கி வரும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். அதற்கடுத்த மூச்சில் ஆள் விழுவார். விழுந்தவரைத் தூக்க இறங்கும் மகனும் தம்பியும் சேர்ந்து சாவது உலகெங்கும் நடக்கிறது. மூச்சுக்கருவி இல்லாமல் யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது. யாருக்காகவும் இறங்கக் கூடாது. கிளறும் நாளில் கொட்டகையைக் காலியாக்கி, காற்றோட்டத்தை முழுவதும் திறந்துவிடுங்கள்.

சீனாவில் 26 மாடியில் பன்றி வளர்க்கிறார்களாமே, அதுதான் எதிர்காலமா?

ஹூபெய் மாகாணத்தின் அஜோ நகரில் அப்படி ஒன்று இருக்கிறது. நிலம் மிச்சம், ஒவ்வொரு மாடிக்கும் தனிக்காற்று. நோய் வராதவரை சரி. வந்துவிட்டால் அத்தனை பன்றிகளும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. மற்றவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உயரத்தை அன்று. அறைக்கு அறை காற்றையும் ஆட்களையும் கருவிகளையும் பிரித்து வைக்கும் முறையை.

மரபணுவைத் திருத்திய பன்றி வந்துவிட்டதே, நோய்ப் பிரச்சினை முடிந்ததா?

ஒரே ஒரு நோய்க்கு வந்திருக்கிறது. பி.ஆர்.ஆர்.எஸ். என்ற வைரஸ் நோய் தாய்களில் கருச்சிதைவையும் குட்டிகளில் மூச்சுத் திணறலையும் உண்டாக்குவது. 1980களின் இறுதியில் தலைகாட்டியது. அந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய சிடி163 என்ற புரதம் வாசலாக இருக்கிறது. அந்தப் புரதத்தில் வைரஸ் பற்றும் சிறு பகுதியை மட்டும் நீக்கிய பன்றிகளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில் அனுமதித்தது. பன்றி மற்றபடி இயல்பாகவே வளர்கிறது. வேறு உயிரினத்தின் மரபணு எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை.

நான் இதை வரவேற்கிறேன். ஒரு பன்றி நோயில் தவிக்காமல் இருப்பது நல்லது. ஆனால் அதே புரதம் இல்லாத பன்றிகளுக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வருகிறது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. வாங்கும் நாடுகளின் அனுமதியும் வேண்டும். நெருக்கடியும் அசுத்தமும் நிறைந்த பண்ணைக்கு நோய் தாக்காத பன்றி வந்தால், அசுத்தத்தைத் திருத்தும் அவசரம் குறைந்துவிடும் என்ற கவலையும் எனக்கு உண்டு.

விலை ஒரு வருடம் ஏறுகிறது, அடுத்த வருடம் விழுகிறது. எப்போது பண்ணையைப் பெருக்குவது?

எல்லோரும் பெருக்காதபோது. விலை ஏறியதும் எல்லோரும் தாய்ப்பன்றி சேர்க்கிறார்கள். சினை, வளர்ச்சி எல்லாம் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் கழித்துக் குட்டிகள் ஒன்றாகச் சந்தைக்கு வருகின்றன, விலை விழுகிறது, எல்லோரும் விற்றுத் தீர்க்கிறார்கள். 1920களிலேயே ஜெர்மானியப் பொருளியலாளர் ஆர்தர் ஹானவ் இதை விளக்கிவிட்டார். 2019 இறுதியில் நோயால் சீனாவில் பன்றி இறைச்சி விலை இரண்டு மடங்கானது, எல்லோரும் கட்டினார்கள், 2021இல் விலை சரிந்தது. உச்ச விலையைக் கணக்கில் வைத்துக் கடன் வாங்காதீர்கள். விழுந்த விலையிலும் தீவனக் கடனை அடைக்க முடிகிற அளவே உங்கள் பண்ணையின் சரியான அளவு.

பக்கத்துப் பண்ணையில் பன்றிகள் திடீரென்று சாகின்றன. என்னுடையவை நன்றாகத்தான் இருக்கின்றன. நோய் வருவதற்குள் விற்றுவிட்டால் தவறா?

தவறு. எனக்கு இந்தக் கேள்வியின் வேதனை புரிகிறது. பல ஆண்டு உழைப்பு ஓரிரவில் போய்விடும் என்ற அச்சம் அது. ஆனால் அது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாக இருந்தால், அறிகுறி தெரிய நான்கு நாள் முதல் ஏறக்குறைய மூன்று வாரம் வரை ஆகலாம். இன்று நன்றாக இருக்கும் பன்றி ஏற்கெனவே கிருமியைச் சுமந்துகொண்டிருக்கலாம். அச்சத்தில் விற்ற பன்றிகள்தான் நோயை அடுத்தடுத்த ஊர்களுக்குக் கொண்டுபோகின்றன. ரகசியமாக வெட்டி விற்ற இறைச்சி, மேலே சொன்னபடி, மாதக்கணக்கில் வைரஸைக் காப்பாற்றி வைத்திருக்கும்.

இன்றைக்கே வாசலைப் பூட்டுங்கள். வியாபாரி, உறவினர், பார்க்க வருபவர் யாரும் வேண்டாம். நீங்களும் அந்தப் பண்ணைக்கு அனுதாபம் சொல்லக்கூடப் போகாதீர்கள், தொலைபேசியில் பேசுங்கள். வேலையாட்களை முடிந்தால் உள்ளேயே தங்க வையுங்கள். கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பக்கத்துக்காரர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். காலையும் மாலையும் தீனி எடுக்காத பன்றிகளின் உடல்வெப்பத்தைக் குறித்து வையுங்கள். ஒன்று செத்தால் அறுத்துப் பார்க்காதீர்கள். ரத்தத்தில்தான் வைரஸ் மிகுந்திருக்கும், அறுத்த இடம் முழுவதும் அது பரவும். மாதிரி எடுக்க மருத்துவர் வரட்டும். எத்தனை பன்றி, எந்த வயது, எப்போது வாங்கியது என்ற பதிவேட்டை எடுத்து வையுங்கள். பல நாடுகளில் அழிக்கப்படும் பன்றிகளுக்கு இழப்பீடு உண்டு. அதைப் பெறப் பதிவேடு வேண்டும்.

நோய் வந்து எல்லாம் போய்விட்டால் உடனே குட்டி வாங்காதீர்கள். கழுவி, கிருமி நீக்கி, பொதுவாகக் குறைந்தது 40 நாள் கொட்டகையைக் காலியாக விட வேண்டும். பிறகு சில பன்றிகளை மட்டும் எல்லா அறைகளிலும் உலவவிட்டுச் சில வாரம் கண்காணித்து, ரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை என்று தெரிந்த பிறகே முழு மந்தை. அந்த இடைக்காலத்தில் வேலிக்குச் சுற்றும் கம்பி கட்டுங்கள், ஏற்றுமேடையை எல்லைக்கு நகர்த்துங்கள், நுழைவறையில் அந்தப் பெஞ்சைப் போடுங்கள்.